புரட்சிக் காலத்து நோட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய பெட்டகங்களில் கிடைத்த வெளிநாட்டு நோட்டுகளைப் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மேங்கோப்பில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, ஐயாவின் பேரேடுகளுக்கு அடியில் வேட்டித் துணியில் கட்டிய நோட்டுக் கட்டு ஒன்று இருந்தது. சிலவற்றில் வாழைமரமும் ‘டாலர்’ என்ற சொல்லும், சிலவற்றில் ‘ருபீஸ்’ என்ற சொல்லும் உள்ளன. எல்லாவற்றிலும் ஜப்பானிய அரசாங்கம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. இவை புரட்சிப் பணமா? விலை போகுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

புரட்சிப் பணம் அல்ல, ஆக்கிரமிப்புப் பணம். ஒரு நாட்டு மக்களே பழைய ஆட்சியைக் கவிழ்த்துவிட்டுப் புது அரசின் பெயரில் அச்சிடுவது முதல் வகை. வெளியிலிருந்து வந்த படை, பிடித்த நாட்டில் செலவழிக்க அச்சிடுவது இரண்டாம் வகை. சேகரிப்பவர்கள் இரண்டையும் தனித்தனித் தொகுப்பாகத்தான் வைப்பார்கள்.

நோட்டில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ‘எம்’ என்று தொடங்கினால் மலாயாவுக்கு அச்சிட்டது, ‘பி’ என்று தொடங்கினால் பர்மாவுக்கு. பெரும்பாலானவற்றில் தொடர் எண் இருக்காது. எத்தனை அச்சிட்டோம் என்ற கணக்கே வெளியே தெரியாமல் அச்சிட்டுத் தள்ளிய பணம் அது. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் திரும்பி வந்த ஆங்கில ஆட்சி இவற்றைச் செல்லாது என்றது. மாற்றிக் கொடுக்க அன்றும் யாரும் இல்லை, இன்றும் எந்த வங்கியும் இல்லை. வாழைமர நோட்டு ஏராளமாகக் கிடைப்பது. சாதாரண நிலையில் உள்ள ஒன்றுக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆரம்பத்தில் அச்சிட்ட சில நோட்டுகளில் மட்டும் தொடர் எண் உண்டு, அவை அரிது.

விலையை விட்டுவிடுங்கள். அந்தக் கட்டு உங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது. 1942-இன் தொடக்கத்தில் இரங்கூனைவிட்டு நடந்தும் கப்பலேறியும் ஊர் திரும்பியவர்கள் கையில் இந்த நோட்டு இருந்திருக்க முடியாது, ஏனென்றால் ஜப்பானியர் வந்து அமர்ந்த பிறகுதான் இது புழக்கத்துக்கு வந்தது. பர்மாவின் 100 ரூபாய் நோட்டு 1944-இல்தான் வந்தது. ஆகவே கட்டில் அது இருந்தால், அங்கிருந்த உங்கள் கடையைச் சேர்ந்த ஒருவர், பொறுப்பாளரான மேலாளோ அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாளோ, போர் முடியும் தறுவாய்வரை அங்கேயே இருந்து கணக்கைப் பார்த்திருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பேரேட்டிலும் சம்பளச் சீட்டிலும் அந்த ஆண்டுகளைத் தேடுங்கள், பெயர் கிடைக்கும். அதனால்தான் சொல்கிறோம்: கட்டைப் பிரிக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஏட்டுக்கு அடியில், எந்தத் துணியில், எந்த வரிசையில் இருந்தது என்று எழுதி வையுங்கள். துணியையும் தூக்கிப் போடாதீர்கள்.

கட்டில் ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய நோட்டு இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பர்மா 1937-இல் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதன்பின் அங்கே மட்டும் செல்லும் என்பதற்காக ‘லீகல் டெண்டர் இன் பர்மா ஒன்லி’ என்று மேலச்சு அடித்த நோட்டுகள் வந்தன. 1945-இல் ராணுவ நிர்வாகத்தின் பெயரிலும், 1947-இல் பர்மா கரன்சி போர்டு பெயரிலும் மேலச்சு வந்தது. இவற்றுக்கு நல்ல மதிப்பு உண்டு. மதிப்பு இருப்பதால் சாதாரண நோட்டில் மேலச்சை மட்டும் புதிதாக அடித்து விற்கிற வேலையும் உண்டு. பத்து மடங்கு லென்ஸில், மேலச்சு ஒரு மடிப்பைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். உண்மையானதில் மேலச்சு விழுந்தபோது நோட்டு புதுசு, மடிப்பு பிறகு வந்தது. அதனால் மடிப்புக் கோட்டில் மை உடைந்து, உள்ளே வெள்ளை நார் தெரியும். பொய்யானதில் மடிப்பு முதலில், மை பிறகு. மை மடிப்புப் பள்ளத்துக்குள் இறங்கி அங்கே கூடுதல் கருப்பாக நிற்கும்.

புரட்சிக் காலத்து நோட்டுகளைச் சேர்க்க ஆசை. பென்ஷன்தான் வருமானம். எந்த நாட்டில் தொடங்கலாம்?
– வாசகர், தேவகோட்டை

பிரான்ஸில் தொடங்குங்கள். இருநூறு ஆண்டு தாண்டிய தாள், கையால் செய்த காகிதம், எழுத்து அச்சு எல்லாம் ஒரே நோட்டில் பார்க்கக் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். எளிய சிறு மதிப்பு நோட்டுகள் ஐரோப்பியக் கடைகளில் பத்து, இருபது யூரோவுக்கே வருகின்றன. தபால் செலவு தனி.

இந்த நோட்டுக்கு அசிஞா என்று பெயர். 1789 நவம்பரில் புரட்சி அரசு தேவாலயச் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அந்த நிலத்தை ஈடாகக் காட்டி டிசம்பரில் 40 கோடி லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மதிப்புக்குப் பத்திரம் வெளியிடத் தீர்மானித்தது. முதலில் வந்தது வட்டி தரும் பத்திரம். பெரிய மதிப்பு, 200, 300, 1000 லிவ்ர். நம்மவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், அடமான நிலத்தின் மேல் எழுதிக்கொடுத்த வட்டிச் சீட்டு. 1790 இறுதிக்குள் வட்டி போய்விட்டது, சீட்டு பணமாகவே புழங்கத் தொடங்கிவிட்டது. நிலத்தை விற்று வரும் அசிஞாவை எரித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. எரித்ததைவிட அச்சிட்டது பல மடங்கு ஆனது. கடைசியில் சுமார் 4500 கோடி லிவ்ர் அச்சிட்ட நிலையில், 1796 பிப்ரவரி 19 அன்று பாரிஸின் வாந்தோம் சதுக்கத்தில் மக்கள் முன்னிலையில் அச்சுத் தகடுகளை உடைத்து எரித்தார்கள்.

இந்தக் கதை முழுவதையும் ஐந்தாறு நோட்டில் காட்டிவிடலாம். 1792 ஜனவரி 4 தேதியிட்ட 10 அல்லது 25 ‘சொல்’ (ஒரு லிவ்ருக்கு இருபது சொல்) சில்லறை நோட்டு ஒன்று. 1792 அக்டோபர் 24 தேதியிட்ட 10 லிவ்ர். 1792 டிசம்பர் 14 தேதியிட்ட 50 லிவ்ர். 1793-இன் 5 லிவ்ர். 1795 ஜனவரியின் 100 ஃப்ராங்க். மன்னர் பதினாறாம் லூயி படம் போட்டது ஒன்று கிடைத்தால் கடைசியில் வாங்குங்கள், அதுதான் செலவு வைக்கும். மன்னர் தலை போட்ட 100 லிவ்ருக்கு மேற்பட்ட அசிஞாக்களை 1793 ஜூலையில் செல்லாதென அறிவித்தார்கள். அதனால் அவை தப்பிப் பிழைத்தது குறைவு.

மெக்ஸிகோ புரட்சி நோட்டுகள் மலிவு என்று சிலர் அங்கே போகிறார்கள். 1913 முதல் 1916 வரை அங்கே ஒவ்வொரு தளபதியும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக அச்சிட்டதால் வகைகள் கணக்கில் அடங்காது. தொடங்குபவருக்கு அது தலைசுற்றல்.

இணையத்தில் வாங்கிய 5 லிவ்ர் அசிஞாவில் ஆண்டு ‘2’ என்று இருக்கிறது. ஒரு பக்கம் அச்சே இல்லை, வெறுமை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், பள்ளத்தூர்

இந்த இரண்டு காரணத்தால் ஏமாறவில்லை. புரட்சி அரசு தனக்கென ஒரு நாட்காட்டி வைத்திருந்தது. குடியரசின் இரண்டாம் ஆண்டு, ப்ரூமேர் மாதம் 10 என்றால் 1793 அக்டோபர் 31. அது சட்டம் இயற்றிய தேதி, உங்கள் நோட்டு அச்சான தேதி அல்ல. இந்த 5 லிவ்ர் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டதுதான்.

சரிபார்க்க வேண்டியது மையில்லா முத்திரை. இருட்டு அறையில் நோட்டை மேசையில் வைத்து, டார்ச்சைத் தாளோடு தாளாகப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். மை இல்லாமல் அழுத்தத்தால் மட்டும் எழும்பிய வட்ட முத்திரை நிழல் விழுந்து தெரியும். விரல் நுனியிலும் உணரலாம். பிறகு நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, காகிதத்துக்குள் தெரியும் நீரோட்டக் குறியை (வாட்டர்மார்க்) பாருங்கள். நகல்களில் முத்திரை வெறும் சாம்பல் நிற அச்சாக இருக்கும், நீரோட்டம் இருக்காது. ஒரு கூடுதல் செய்தி: அந்தக் காலத்திலேயே இங்கிலாந்தில் அசிஞாவைக் கள்ளத்தனமாக அச்சிட்டு பிரான்ஸுக்குள் அனுப்பினார்கள். ‘கள்ள நோட்டு அடிப்பவருக்குச் சட்டம் மரண தண்டனை தரும்’ என்ற எச்சரிக்கை நோட்டிலேயே இருக்கிறது. அன்றைய கள்ள நோட்டு இன்றைக்குச் சேகரிக்கத் தக்கது. இன்றைய நகலுக்கு அந்த மரியாதை கிடையாது.

காரைக்குடியில் ஒரு கடையில் ரஷ்ய 250 ரூபிள் நோட்டு வாங்கினேன். நடுவில் ஸ்வஸ்திகம் இருப்பதால் ஹிட்லர் படை ரஷ்யாவில் வெளியிட்டது என்று சொல்லி விலை கூட்டி வாங்கிவிட்டார்கள்.
– கல்லூரி மாணவர், காரைக்குடி

நோட்டில் 1917 என்று ஆண்டு அச்சிட்டிருக்கிறதே, தம்பி, அதைப் பார்க்கவில்லையா? மன்னராட்சி விழுந்தபின் வந்த தற்காலிக அரசு வெளியிட்டது அது. அப்போது ஸ்வஸ்திகம் ஐரோப்பாவில் பெரும்பாலும் மங்கலச் சின்னம், நம் வாசல் கோலத்தில் இருப்பதைப்போல. ஹிட்லர் கட்சி அதை எடுத்துக்கொண்டது பிறகு. நோட்டு உண்மையானதாகவே இருக்கக்கூடும், சொன்ன கதைதான் பொய். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அதே அரசின் 20, 40 ரூபிள் நோட்டுகளையும் தேடுங்கள். அரசுத் தலைவர் கெரென்ஸ்கி பெயரால் கெரென்கி என்பார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய துண்டு. ஆண்டு இல்லை, கையெழுத்து இல்லை, தொடர் எண் இல்லை. அவசரத்தில் தீர்வை வில்லைப் படத்தையே எடுத்து அச்சிட்டார்கள். வெட்டக்கூட நேரம் இல்லாமல் முழுத் தாளாகவே கொடுத்தார்கள், வாங்கியவர் கத்தரித்துக்கொண்டார். அதனால் ஓரம் கோணலாக இருப்பது குறை அல்ல. வெட்டாமல் இரண்டு நான்கு சேர்ந்து கிடைத்தால் தனித்தனியாக வெட்டிவிடாதீர்கள். அடுத்து 1919-இன் சோவியத் நோட்டு ஒன்று. ‘உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள்’ என்ற முழக்கம் அதில் ஏழு மொழிகளில் உள்ளது, சீனமும் அரபியும் உட்பட.

அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்து டாலர் என்று ஒன்று வாங்கினேன். பழுப்பாக, மொடமொடவென்று, அப்பளம்போல இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?
– வாசகர், புதுவயல்

நீங்கள் சொல்லும் அடையாளமே நகலின் அடையாளம். அமெரிக்கச் சுற்றுலாத் தலங்களில் நினைவுப் பொருளாக விற்கிற நகல்கள் அப்படித்தான் இருக்கும். பழுப்பாக இருந்தால் பழசு என்று நம் கண் நம்பிவிடுகிறது, அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 1775 முதல் 1779 வரை அங்கே வெளியான நோட்டுகள் கந்தல் துணிக் கூழில் செய்த தடித்த காகிதம். நன்றாக வைத்திருந்தால் இன்றும் துணிபோல மடங்கும், அப்பளம்போல நொறுங்காது.

சோதனைக்கு வேண்டியவை மூன்று: பத்து மடங்கு லென்ஸ், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், ஒரு நல்ல ஜன்னல்.

முதலில் லென்ஸ். எழுத்து அச்சில் ஈய எழுத்து தாளைக் குத்தி இறங்கும். நோட்டைத் திருப்பினால் பின்புறம் அந்த எழுத்தின் புடைப்பு தெரியும். எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கி, நடுவில் சற்று வெளிறியிருக்கும். நகலில் புடைப்பு இருக்காது, உற்றுப் பார்த்தால் எழுத்தே சிறு சிறு புள்ளிகளாகப் பிரியும். அடுத்து கையெழுத்தும் எண்ணும். உண்மையானதில் அவை பேனாவால் கையில் எழுதியவை. ஒருவர் சிவப்பிலும் ஒருவர் கருப்பிலும் இட்டிருப்பதும் உண்டு. கோட்டின் தொடக்கத்தில் மை திரண்டும் முடிவில் மெலிந்தும் ஓடும். நகலில் கையெழுத்தும் மற்ற எழுத்தைப்போலவே ஒரே நிறத்தில் ஒரே கனத்தில் நிற்கும். மூன்றாவதாக, நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் காகிதத்துக்குள் அபிரகத் துகள் மின்ன வேண்டும், இங்கங்கே நீல நூலிழை தெரிய வேண்டும். கள்ள அச்சைத் தடுக்கவே அவற்றைக் கூழில் கலந்தார்கள். பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் இலையின் நரம்புகள் அச்சாகியிருக்கும். உண்மையான இலையிலிருந்து அச்சு வார்க்கும் முறை, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்டது. எந்த இரண்டு இலைக்கும் நரம்பு ஒன்றாக இராது என்பதுதான் அதன் பாதுகாப்பு.

கடைசியாகப் புறஊதா விளக்கு. இருட்டில் அடித்தால் பழைய காகிதம் மங்கலாகவே கிடக்க வேண்டும். புதுச் சட்டைபோல நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது பிற்காலக் காகிதம், அல்லது சோப்புப் பொடியில் கழுவிய நோட்டு. ஒளிராவிட்டால் உண்மை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பி சேராத புதுக் காகிதமும் கிடைக்கிறது.

ஆசாத் ஹிந்த் வங்கி நோட்டு என்று நேதாஜி படத்தோடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது.
– வாசகர், பொன்னமராவதி

அவசரப்படாதீர்கள். ஆசாத் ஹிந்த் வங்கி 1944 ஏப்ரலில் இரங்கூனில் தொடங்கியது உண்மை. ஆனால் அன்றாடப் புழக்கத்தில் அங்கே இருந்தது ஜப்பானிய ரூபாய்தான். இன்று சந்தையில் அந்த வங்கியின் பெயரில் வருபவற்றில் புதிதாக அச்சிட்டவை மிகுதி. மேலே சொன்ன புறஊதாச் சோதனையில் பல அகப்பட்டுவிடும். யார் வீட்டிலிருந்து வந்தது, கூடவே என்ன காகிதம் இருந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நம் பக்கத்து வீடுகளில் நன்கொடை ரசீது ஒன்று குடும்பக் கடிதங்களோடு சேர்ந்து கிடைத்தால், தனியே வரும் பத்து ‘நோட்டு’களைவிட அதையே நாங்கள் மதிப்போம்.

கிடைத்த நோட்டுகளை இஸ்திரி போட்டு, கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டி, லேமினேஷன் செய்து ஃப்ரேம் போடலாம் என்று மகன் சொல்கிறான்.
– வாசகி, கோட்டையூர்

மூன்றையும் செய்ய வேண்டாம், ஆச்சி. லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது, சூட்டில் பசை காகித நாருக்குள் உருகி இறங்கிவிடும். டேப்பின் பசை சில ஆண்டில் மஞ்சளாகி எண்ணெய்போல் பரவும். இஸ்திரிப் பெட்டி அச்சின் புடைப்பை நசுக்கிவிடும். நோட்டின் மெய்த்தன்மைக்கு இருந்த சாட்சியே அந்தப் புடைப்புதான்.

சுருண்டு கிடக்கும் நோட்டைப் படிய வைக்க ஒரு வழி உண்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, அதன்மேல் தொடாதபடி வலை வைத்து, வலைமேல் நோட்டை வைத்து மூடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். தாள் தளர்ந்ததும் எடுத்து, இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே தட்டையான கண்ணாடியும் இரண்டு கனத்த புத்தகங்களும் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். இரவு முழுக்க டப்பாவிலேயே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கையெழுத்து மையோ ரப்பர் முத்திரையோ உள்ள நோட்டுக்கு இதைச் செய்யவே கூடாது, மை கசியும். மடிப்புக் கோடுகளை மறைக்கவும் இதைச் செய்யாதீர்கள். மறைத்து விற்பது ஏமாற்று.

வைக்கும் உறை முக்கியம். கடையில் கிடைக்கும் மலிவான ஆல்பம் பல பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் நம் ஊர் வெயிலில் கசிந்து நோட்டைப் பிசுபிசுப்பாக்கி, மையை உறையில் ஒட்டவைத்துவிடும். சந்தேகமானால் செம்புக் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிவிசி. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல. பாலியெஸ்டர் உறையே வாங்குங்கள்.

பர்மாத் தேக்குப் பெட்டகம் அழகுதான். ஆனால் மரம் வெளியிடும் அமில ஆவி காகிதத்தைப் பழுப்பாக்கும். அமிலமில்லா அட்டைப் பெட்டிக்குள் போட்டு, அதைப் பெட்டகத்துக்குள் வையுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ரசக்கற்பூர உருண்டை வேண்டாம். சுவடிக்குப் பூசும் எண்ணெயும் காகிதத்துக்கு ஆகாது.

இராமபாணப் பூச்சி தாளின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும். தாள்களை ஊடுருவித் துளை போட்டுப் போவது வண்டின் புழு. எதுவானாலும், நோட்டுகளை ஜிப் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க வெளியே வையுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும், செய்ததெல்லாம் வீணாகும்.

சுவரில் மாட்ட ஆசையானால் வண்ணப் பிரதி எடுத்து மாட்டுங்கள். உங்கள் ஊர் ரோஜா முத்தையா நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும்கூடப் பொருட்படுத்திச் சேர்த்து வைத்ததால்தான், அவை இன்று சென்னையில் அவர் பெயர் தாங்கிய நூலகத்தில் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக போனில் சொல்கிறார்கள். முன்பணம் கேட்கிறார்கள்.
– வாசகர், கண்டனூர்

மோசடி. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டுக்குக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

சைகோனில் கொண்டு விற்கப் போன பெரியப்பச்சியின் பெட்டியில் ஹோ சி மின் படம் போட்ட நோட்டுகள். அச்சு மங்கல், நிறம் ஒன்றுக்கொன்று வேறு, காகிதம் மட்டம். இப்போது பங்காளிகள் நால்வரும் பெட்டியைப் பாகம் பிரிக்கப் போகிறோம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அவன் பங்கை அனுப்பலாமா?
– வாசகர், நெற்குப்பை

உங்களிடம் இருப்பதுதான் சரியான புரட்சிப் பணம். 1945-இல் பிறந்த வியட்நாம் ஜனநாயகக் குடியரசு, பிரெஞ்சுக்காரர்களின் இந்தோசீன வங்கி நோட்டுக்கு எதிராக 1946 முதல் வெளியிட்டது. போர் நடக்கும்போது, கிடைத்த காகிதத்திலும் கிடைத்த மையிலும் அச்சிட்டார்கள். நிற வேறுபாட்டைக் கண்டு கழித்துவிடாதீர்கள். ஒரே மதிப்பு நோட்டு ஐந்து நிறச்சாயலில் இருந்தால் ஐந்தையும் வையுங்கள். காகிதத்தில் நார்த் துணுக்கு தெரிந்தால் அதைப் பிய்க்காதீர்கள்.

சட்டம்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு கடந்தாலே தொல்பொருள் ஆகலாம். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் நோட்டுகள் பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியிருக்கும். அனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம், தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும்வரை தம்பியின் பங்கு ஊரிலேயே இருக்கட்டும்.

பாகம் பிரிக்கும் முன் நால்வரும் ஒரு நாள் உட்காருங்கள். ஒவ்வொரு நோட்டையும் இருபக்கமும், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண், மதிப்பு, எழுத்தும் எண்ணும், நீள அகலம் மில்லிமீட்டரில், கிழிசல், எந்த உறையில் இருந்தது, யார் பங்குக்குப் போகிறது என்று எழுதுங்கள். நான்கு பிரதி எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பச்சியின் கடிதங்களையும் கணக்கேட்டையும் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைத்து, அது யார் வீடு என்பதையும் அந்தப் பட்டியலில் எழுதுங்கள். வரிசை எண்ணை நோட்டின்மேல் எழுத வேண்டாம். சிறு காகிதத் துண்டில் பென்சிலால் எழுதி உறைக்குள் நோட்டின் பின்னால் செருகிவிடுங்கள்.